பக்கத்தில் இருப்பவன் பாடு

காரைக்குடியில் யாரும் சிங்கப்பூரை வெளிநாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாலஸில் இருக்கும் பெரியப்பச்சி மகன் ஒரு கல்யாணத்துக்கு வராவிட்டால், "பாவம், எவ்வளவு தூரம், எப்படி வருவான்?" என்று பந்தியிலேயே பரிந்து பேசுவார்கள். சிங்கப்பூரில் இருக்கும் நான் வராவிட்டால் ஆத்தாவிடம் வந்து காரணம் கேட்பார்கள்.

இதற்கெல்லாம் காரணம் டிக்கெட்டில் அச்சாகும் நேரம்தான். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். ஏற்றம், இறக்கம், ஓடுபாதையில் ஊர்வது எல்லாம் சேர்த்து நான்கேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே மாலை 7 மணிக்கு ஏறினால் திருச்சியில் இறங்கும்போது 8.45. "ஏழு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் வந்துவிடுகிறாய், மதுரைக்குப் போய்வருவதுபோலத்தானே?" என்கிறார் அப்பத்தா. திரும்பும்போது அந்த இரண்டரை மணி நேரத்தையும் வட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள்: இரவு 10 மணிக்கு ஏறினால் அதிகாலை 4.45க்குச் சாங்கி விமான நிலையம், காலையில் அலுவலகம். அதை அப்பத்தா கணக்கில் எடுப்பதில்லை.

ஜூரோங் வீட்டிலிருந்து தீவின் மறுகோடிக்கு ரயில், அங்கே இரண்டு மணி நேரக் காத்திருப்பு, திருச்சியில் குடியேற்ற வரிசை, பெட்டி, பிறகு புதுக்கோட்டை வழியாக இரண்டு மணி நேரக் கார்ப் பயணம் (திருமயத்தில் கோட்டை பைரவருக்கு ஒரு கும்பிடு போடாமல் எங்கள் ஓட்டுநர் நகரமாட்டார்) என்று கூட்டினால், வாசலுக்கு வாசல் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பறப்பது அதில் பாதிகூட இல்லை.

ஐயா (தாத்தா) காலம் வேறு. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினால், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச்சேர ஒரு வாரம் போல ஆகும். மூன்று வருட வேலைக் கணக்கு முடியும்வரை, தொழிலும் தங்கலும் ஒன்றாக நடக்கும் கிட்டங்கிதான் வீடு; ஊரில் நடந்த நல்லது கெட்டது கடிதத்தில்தான் வரும். அவரை யாரும் மணிவிழாவுக்கு எதிர்பார்க்கவில்லை. அவர் பட்ட பிரிவு எனக்கு வேண்டாம், ஆனால் அவருக்கு இருந்த மன்னிப்பு எனக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம்.

வந்த புதிதில் எல்லா அழைப்புக்கும் ஓடினேன். விடுப்பும் கரைந்தது, சம்பளமும் கரைந்தது. இப்போது முன்னோரைக் கும்பிடும் குடும்பப் படைப்புக்கும் நெருங்கிய சாவுக்கும் மட்டும் கட்டாயம் போவது என்று வைத்திருக்கிறேன். மற்ற நாட்களுக்குச் சிங்கப்பூரிலேயே டேங்க் ரோடு தண்டாயுதபாணி இருக்கிறார். 1859இல் எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய கோயில். வெள்ளிக்கிழமை அங்கே போனால், ஊரில் யார் யார் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள் என்ற செய்தியும் கிடைத்துவிடுகிறது.

வைகாசியில் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நேற்று டாலஸ் அண்ணன் கூப்பிட்டிருந்தார்: "நீ எப்படியும் போவாய், என் மொய்யையும் சேர்த்து எழுதிவிடு."