சோளக்காட்டு ஊரில் சைபர் செக்யூரிட்டி படித்த கதை

கல்யாணமாகி நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊருக்கு வந்திருக்கும் சித்தி மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, எனக்குக் கோடிங் வராது. பக்கத்துல இருக்கிற கம்யூனிட்டி காலேஜ்ல சைபர் செக்யூரிட்டி சேரலாமா?" தாராளமாகச் சேரலாம் என்றேன். அவளிடம் சொன்னதையும் அவசரத்தில் விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் அதே படிப்பைப் படித்ததும் அப்படியொரு கம்யூனிட்டி காலேஜில்தான் (உள்ளூர் மக்களுக்கான கல்லூரி), இல்லினாய் மாநிலத்தில், சுற்றிலும் சோளமும் சோயாவும் விளைகிற பகுதியில். ஊரில் தாவரவியல் பட்டம் வாங்கிப் பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தேன். மொத்தம் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருகிறவர்கள். இரண்டு வருட அசோசியேட் டிகிரியும் உண்டு, சீக்கிரம் முடிகிற சான்றிதழ் படிப்பும் உண்டு. கல்லூரியின் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு ஃபீஸ் குறைவு. அதனால் உங்கள் முகவரி அந்த எல்லைக்குள் வருகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இங்கே உருவாக்குவது டெக்னீஷியனை. லாகின் கணக்குகளைச் சரிபார்ப்பது, ஃபயர்வாலுக்கு (நெட்வொர்க்கில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல்) விதி எழுதுவது, பேக்கப் உண்மையிலேயே திரும்ப வருகிறதா என்று சோதிப்பது, இதெல்லாம்தான் வேலை. சின்ன ஊர்களுக்கு அந்த ஆள்தான் இல்லை. எங்கள் மாநிலத்திலேயே ஸ்பிரிங் வேலி என்ற ஊரின் மருத்துவமனை 2021-இல் ரான்சம்வேர் தாக்குதலுக்கு (கணினிகளை முடக்கிப் பணம் கேட்பது) ஆளானது. பல மாதங்கள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு பில்லே அனுப்ப முடியவில்லை. 2023 ஜூனில் மூடியபோது, சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. அதே வருடம் நவம்பரில் பென்சில்வேனியாவின் அலிக்விப்பா ஊரில், குடிநீர் பம்ப் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் வெளியாட்கள் புகுந்தார்கள். அந்த வகைக் கருவிக்குக் கம்பெனி போட்டுத் தரும் பாஸ்வேர்டு 1111. அதை மாற்றாமல் விட்டது வழியாகியிருக்கலாம் என்று அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. அதை மாற்றக் கோடிங் எதற்கு? பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும்.

எனக்குப் படிப்பு பிடிபட்டது மூன்றாவது வாரம். லேபில் இரண்டு மெய்நிகர் கணினிகளை (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) இணைத்து, எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையச் சொன்னார்கள். நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் இடையில் ஓடிக்கொண்டிருந்தது. நுழைந்த பிறகு அதில் பதிவான வரிகளைத் தேடினேன். 'பாஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நான் அடித்த பாஸ்வேர்டு, எழுத்துக்கு எழுத்து அப்படியே நின்றது. மறையாக்கம், அதாவது தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவது, எதற்கு என்று அதன் பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தால் லேபில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பழைய லேப்டாப்பும், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம், இலவசம்தான்.

அப்புறம் தேர்வு. வேலைக்கு முதலில் கேட்பது பெரும்பாலும் செக்யூரிட்டி பிளஸ், காம்ப்டியா என்ற அமைப்பு தேர்வு வைத்துத் தரும் சான்றிதழ். அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம், 900-க்கு 750 எடுக்க வேண்டும். முதல் முறை 718-இல் தோற்றேன். அன்று வீட்டுக்குக் கார் ஓட்டிப்போன தூரம் இன்னும் மறக்கவில்லை. விடையைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாகத் திரையில் வேலையைச் செய்து காட்டும் கேள்விகள் ஆரம்பத்திலேயே வந்தன. ஃபயர்வால் விதிகளை வரிசைப்படுத்தும் ஒரே கேள்வியில் இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். 'எல்லாவற்றையும் தடு' என்ற விதியை மேலே வைத்தால் கீழே என்ன அனுமதித்தும் பயனில்லை. இதை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தேன், கையால் பத்து முறை போட்டுப் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை அந்தக் கேள்விகளைக் குறித்து வைத்துவிட்டு மற்றவற்றை முடித்தேன், கடைசியில் 25 நிமிடம் மிச்சம் இருந்தது. 787 வந்தது. இரண்டாம் முயற்சிக்குக் காத்திருப்புக் காலம் இல்லை, ஆனால் கட்டணம் முழுசாக மறுபடி கட்ட வேண்டும். கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் மாணவர் விலையில் வவுச்சர் (தேர்வுக் கட்டணச் சீட்டு) கிடைக்கும். இப்போதைய பாடத்திட்டத்தில் அதிக எடை, 28 சதவீதம், அன்றாடப் பாதுகாப்புப் பணிகளுக்குத்தான். லேபில் செய்ததெல்லாம் அங்கேதான் கைகொடுக்கிறது. வீட்டிலிருந்தும் எழுதலாம். எங்கள் வீட்டு இண்டர்நெட் காற்றடித்தாலே துண்டிக்கும் என்பதால் இரண்டு முறையும் கல்லூரியிலேயே இருந்த தேர்வு மையத்தில்தான் எழுதினேன்.

சித்தி மகளுக்கு ஆகஸ்டில் வகுப்பு. அதற்குள் வீட்டு ரௌட்டருக்குள் போய், அதில் இணைந்திருக்கும் கருவிகளை எல்லாம் எழுதி அனுப்பச் சொன்னேன். நேற்று பதினொன்று அனுப்பினாள், அதில் இரண்டு என்னவென்று தெரியவில்லையாம். இந்தச் சனிக்கிழமை இருவருமாகச் சேர்ந்து அதைக் கண்டுபிடிக்கப் போகிறோம்.