மேட் வாய்மொழித் தேர்வில் என்னைத் தோற்கடித்த கேள்வி

நான் நீரோடிப் பக்கத்துக்காரன். இங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கேரளம், எங்கள் தங்கல் போட்டும் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் படகு) வருடத்தில் பாதிக்கு மேல் கொச்சியில்தான் கிடக்கும். மீன்பிடிக் கப்பல் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) தேர்வுக்கு நம் ஊர்ப் பையன்கள் சிலர் படிக்கிறார்கள், அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துத் தேர்வில் எனக்குச் சிக்கல் வரவில்லை. வாய்மொழியில்தான் முதல் தடவை தோற்றேன்.

மேசைமேல் இரண்டு பொம்மைக் கப்பல்களை வைத்தார்கள். "இது உன் மீன்பிடிப் படகு, துறைமுகத்துக்குத் திரும்புகிறாய், வலது பக்கத்திலிருந்து சரக்குக் கப்பல் குறுக்கே வருகிறது, யார் விலகணும்?" யோசிக்காமல் "கப்பல்" என்றேன். மீன் பிடிக்கிறவனுக்குக் கப்பல்காரன் வழிவிடணும் என்று சின்ன வயதிலிருந்தே கரையில் கேட்டு வளர்ந்தவன் நான், வேறு பதிலே தோன்றவில்லை.

1972 மோதல் தவிர்ப்பு விதிகளில் 3-ஆம் விதியை நான் சரியாகப் படிக்கவில்லை. வலையோ தூண்டிலோ மடியோ தண்ணீரில் கிடந்து, அதனால் படகைத் திருப்ப முடியாத நிலை இருந்தால்தான் அது 'மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலம்'. ஓடிக்கொண்டே இழுக்கும் தூண்டில் இந்தக் கணக்கில் வராது. வலையை ஏற்றிவிட்டால் நாமும் சாதாரண இயந்திரப் படகுதான், மீன்பிடிக்கிறவனுக்கு மற்ற இயந்திரக் கப்பல் விலகணும் என்று 18-ஆம் விதி தரும் சலுகை அதோடு போயிற்று. அப்போது 15-ஆம் விதிப்படி, வலப்பக்கம் யார் இருக்கிறானோ அவனுக்கு நாம் விலகணும், அவனுக்கு முன்னால் குறுக்கே வெட்டிப் போகாமல் வலப்பக்கம் திருப்பிப் பின்னால் போகணும், ஒரு வினாடி அளவில் ஒரு குறுகிய ஹாரன் அடிக்கணும். இரண்டாம் தடவையும் இதே மாதிரி கேள்வி வந்தது. "வலை கடலில் கிடக்கிறதா சார்?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம்தான் எனக்குப் படிப்புக் காலம். விதிகளை வரிசையாக மனப்பாடம் செய்ததில் பெரிய பலன் இல்லை. சோடா மூடிகளைத் தரையில் வைத்து மாமாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு நிலையாக நகர்த்தினேன், அதுதான் மனதில் நின்றது. "லே மக்கா, கேபின் கம்பிக்கு நேரே கப்பல் வெளிச்சத்தை வச்சுப் பாரு, அது கம்பியை விட்டு நகரலன்னா இடிக்கத்தான் வருது" என்றார். 7-ஆம் விதியும் அதையேதான் சொல்கிறது, கம்பிக்குப் பதில் காம்பஸ். நம் படகின் போக்கு மாறாமல் இருந்தால்தான் கம்பிக் கணக்கு சரியாக வரும். அப்புறம், மிகப் பெரிய கப்பலாக இருந்தாலோ ரொம்பக் கிட்டே வந்துவிட்டாலோ திசை மாறினாலும் ஆபத்து உண்டு. இதைத் தேர்வில் கிளறுவார்கள்.

விளக்குகளைக் கண்ணை மூடினாலும் தெரியும்படி படியுங்கள். இழுவலைக்குப் பச்சைக்குக் கீழே வெள்ளை, மற்ற மீன்பிடிக்குச் சிவப்புக்குக் கீழே வெள்ளை. நம் ஆயிரங்கால் தூண்டில் (நீளக் கயிற்றில் நிறையக் கொக்கிகள் கட்டியது) 150 மீட்டரைத் தாண்டித்தான் கிடக்கும், அதனால் அது போகும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கும் வேண்டும். பகலில், கூர்முனைகள் ஒன்றையொன்று தொடும்படி மேலும் கீழுமாக இரண்டு கூம்புகள். தூண்டிலை ஏற்றிய பிறகும் சிவப்பு வெள்ளையை அணைக்காமல் ஓடுகிற போட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன், அது தப்பு, கப்பலில் பார்க்கிறவன் நம்மைத் தவறாகப் புரிந்துகொள்வான்.

நமக்கு உரிமை இருந்தாலும் எதிரே கப்பலை ஓட்டும் மேல்தளத்து அறையில் நிற்பவன் நம்மைப் பார்த்தானா என்பது வேறு கேள்வி. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன ஓஷியானிக் படகில் கப்பல் மோதியபோது அதில் இருந்தவர்களில் பலர் குமரி மாவட்டத்து ஆட்கள். அவன் விலகாவிட்டால் நாமே விலகலாம் என்கிறது 17-ஆம் விதி, அவன் மட்டும் விலகினால் போதாது என்ற நிலை வந்துவிட்டால் நாம் விலகியே ஆகணும். சந்தேகம் வந்தவுடன் ஐந்து குறுகிய ஹாரன், விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலில் ஒரு அழைப்பு.

போட் வைத்திருப்பவர்கள் தளத்து எல்இடி விளக்குகளை ஒருமுறை தூரத்திலிருந்து பாருங்கள். அந்த வெளிச்சத்தில் நம் சிவப்பும் பச்சையும் மறைந்துபோகும், 20-ஆம் விதி அதைத் தடுக்கிறது. நாங்கள் அவற்றைக் கீழ்நோக்கித் திருப்பித் தகடு வைத்து மறைத்தோம், பல்பு ஹோல்டர்களில் உப்புப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு தங்கலுக்கும் முன்னால் பார்க்கிறோம். ஃபைபர் வல்லம் ரேடாரில் சரியாகத் தெரியாது, அதற்கு ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரை உயரத்தில் கட்டுங்கள்.