பழம் புளிக்கிறது என்று நான் சொல்லவில்லை

"இது சோர் கிரேப்ஸ் இல்லையாம்மா?" என்றுதான், செக்கிங்கை இப்போதைக்குக் குறைக்க வேண்டாம் என்று கூட்டத்தில் நான் சொன்னதும், பிளான்ட் ஹெட் கேட்டார். கிடைக்காததைக் குறை சொல்கிறேன் என்று அர்த்தம். கோபமில்லை, குரலை உயர்த்தவில்லை, சிரித்தபடியேதான் கேட்டார். நான் "இல்லை சார்" என்றேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. மொத்தமே அவ்வளவுதான். ஆனால் அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போதெல்லாம், அந்த "இல்லை சார்"க்கு அப்புறம் நான் சொல்லியிருக்க வேண்டியதை மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஏப்ரல் லிஸ்ட்டில் குவாலிட்டி இன்சார்ஜ் பதவி எனக்கு வரவில்லை. வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். என்னைவிட இளையவர், கெட்டிக்காரர். வந்ததும் அவர் சொன்ன முதல் மாற்றம், லேத் லைனில் மணிக்கு ஒரு தடவை நடந்த பேட்ரோல் இன்ஸ்பெக்ஷனை, அதாவது லைனைச் சுற்றி வந்து பீஸை அளந்து பார்ப்பதை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாகக் குறைப்பது. ஷாஃப்ட்டின் சி.பி.கே., அதாவது அளவு அனுமதித்த எல்லைக்குள் எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்று காட்டும் எண், 1.67-க்கு மேல் வந்திருக்கிறது, சாதாரணமாக 1.33 இருந்தாலே போதும் என்பார்கள், பிறகு எதற்கு இவ்வளவு செக்கிங் என்பது அவர் வாதம். காகிதத்தில் பார்த்தால் தப்பே இல்லை.

நான் சொன்னது இதுதான். அந்த எண் எந்த 50 பீஸிலிருந்து வந்தது? புது டிப், அதாவது உலோகத்தைச் சீவும் வெட்டுமுனை, மாட்டி, தொடர்ச்சியாக ஓட்டி எடுத்த 50 பீஸிலிருந்து. 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு எங்களுக்கு ஏற்ற இறக்கத்துக்கு மொத்தம் 20 மைக்ரான்தான் இடம். டிப் தேயத் தேய விட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆபரேட்டர் மைக்ரோமீட்டரில் பார்த்து, மெஷினில் டிப்பின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட் கொடுத்து இறக்குவார். கொடுக்க மறந்தால் அடுத்த செக்கிங்கில்தான் தெரியும். ஒரு பீஸுக்கு 90 வினாடி என்றால் மணிக்கு 40 பீஸ், இரண்டு மணி நேரத்துக்கு 80. கடைசியாகச் சரியென்று பார்த்த பீஸுக்குப் பிறகு வந்த அத்தனையையும் ஒதுக்கி வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஆகவே டிப்பின் முழு ஆயுளுக்கும் அளவெடுத்துவிட்டு அப்புறம் குறைக்கலாம் என்றேன். இதில் எங்கே பொறாமை இருக்கிறது? அந்த லைனில் வேலை செய்கிற யார் வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம்.

யார் வேண்டுமானாலும் சொல்லலாம்தான். சொன்னது நான். பதவி கிடைக்காதவள்.

அந்த வார்த்தையைப் போட்டுவிட்டால் அதிலிருந்து வெளியே வர வழியே இல்லை. மறுத்தால் ஆற்றாமை. விளக்கினால் இன்னும் ஆற்றாமை. பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி. டிப் தேய்மானத்தைப் பற்றிய கேள்வி அந்த நிமிடத்தோடு என்னைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. மேஜையைச் சுற்றி இருந்த ஒருவர்கூட அதற்குப் பிறகு அந்த 50 பீஸைப் பற்றிக் கேட்கவில்லை. புது இன்சார்ஜ் மட்டும் சிரிக்கவில்லை, ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் மறக்கவில்லை.

டீ நேரத்தில் செட்டர் அண்ணா வந்து, "சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்னு நரிதானே மேடம் சொல்லிச்சு? நீங்க பழத்தைப் பத்திப் பேசவே இல்லையே, கொடியில பூச்சி இருக்குன்னுதானே சொன்னீங்க" என்றார். ஆறுதலாக இருந்தது. அன்று முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

ஆனால் அது முழு உண்மையா என்று தெரியவில்லை. முன்பிருந்த இன்சார்ஜ் வேறொரு லைனில் இதே மாதிரி குறைத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே டாலரன்ஸ் தாராளம், ஆபத்தில்லை என்று இப்போது சொல்லலாம், அது சரியும்கூட. அப்போது நான் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் பேசாமல் இருந்தேனா? அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து, எனக்குக் கீழே ஆள் பற்றாக்குறையும் இருந்திருந்தால், அந்த 1.67-ஐப் பார்த்து நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ?

இன்னொன்றும் இருக்கிறது. லிஸ்ட் வந்த அன்று ராத்திரி அம்மாவிடம், "அந்தப் போஸ்ட் யாருக்கு வேணும்? பதினோரு மணிக்கும் போன் வரும். தலைவலி" என்று சொன்னேன். ஈசாப்பின் நரி பேசியது அச்சு அசலாக இதுதான். எட்டாததை வேண்டாததாக்கிவிட்டேன். அப்படிப் பார்த்தால், அந்த வார்த்தை நான் கூட்டத்தில் பேசியதற்குப் பொருந்தவில்லை, பிளான்ட் ஹெட்டின் காதில் விழாத இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனாலும் அந்தக் கதையை நாம் நரிக்கு எதிராகவே சொல்லிப் பழகிவிட்டோம் என்று எனக்கு ஒரு வருத்தம். அந்தத் திராட்சை பழுத்திருந்ததா, காயா என்று யாரும் பார்க்கவில்லை. பழுக்காத திராட்சை நிஜமாகவே புளிக்கும். 1668-ல் இந்தக் கதையைப் பிரெஞ்சில் பாடிய லா ஃபோன்தேனும் பழம் பார்வைக்குப் பழுத்திருந்தது என்கிற அளவில்தான் நிறுத்துகிறார். கடைசியில், புலம்புவதைவிட நரி செய்தது மேல் இல்லையா என்று கேட்டு முடிக்கிறார். ஆய்வு செய்வதே பிழைப்பாக இருக்கிற எனக்கு, பரிசோதிக்காத ஒரு லாட்டை வைத்து இத்தனை நூற்றாண்டாக ஒரு மிருகத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறோம் என்றே தோன்றுகிறது. ஏமாந்தவன் சொன்னான் என்பதாலேயே ஒரு சொல் பொய்யாகிவிடாது. உண்மையாகியும் விடாதுதான்.

பிறகு ஒரு லாட் திரும்பி வந்தது. லைன் முழுக்கப் பரபரப்பு. பார்த்தால் விட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஷாஃப்ட் செய்ய வாங்கிய கம்பியின் கடினம் குறைவு, சப்ளையர் பக்கத்துத் தவறு. பேட்ரோல் மணிக்கு ஒரு தடவை நடந்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது. அந்த ரிப்போர்ட்டைப் படித்தபோது எனக்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விட்டம் ஏறியே திரும்பியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். இத்தனை வருஷம் ரிஜெக்ஷனைக் குறைக்கவே உழைத்தவள் நான்.

இப்போதும் பேட்ரோல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் நடக்கிறது. ஒரு டிப்பை முதல் பீஸிலிருந்து கடைசிப் பீஸ் வரை ஓட்டி அளவெடுக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்கத்தான் போகிறேன். இந்த முறை முதலில் புது இன்சார்ஜிடம் சார்ட்டைக் கொடுத்துவிட்டு, அவர் முன்னாலேயே கேட்பேன். அப்போதும் பிளான்ட் ஹெட் அதே வார்த்தையைச் சொன்னால், "இருக்கலாம் சார், அளந்து பார்த்துவிடலாம்" என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். "இருக்கலாம்" என்ற பகுதியைச் சொல்ல வாய் வருமா, தெரியவில்லை.