நோட்டில் 26, தணிக்கையில் 4

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். கிதார் கற்கச் சேர்ந்த அன்றைக்கே ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டுவிட்டேன். தேதி, பயிற்சி, வேகம், எண்ணிக்கை என்று நான்கு பத்தி. 52 வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். கிதாரையா நோட்டையா என்று தெரியாததால் பதில் சொல்லவில்லை.

எங்கள் பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒரு நிமிட மாற்றம். இரண்டு கார்டுகளை (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல் அமைப்புகள்) எடுத்துக்கொண்டு, போனில் 60 விநாடி வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை தடவை மாற முடிகிறது என்று எண்ண வேண்டும். எண்ணுவது என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்! ஏ மைனர் கார்டிலிருந்து இ கார்டுக்கு மூன்றாவது வாரமே 30-ஐத் தொட்டுவிட்டேன். அதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் விரல் அமைப்பு ஒன்றுதான். மூன்று விரலையும் அப்படியே ஒரு கம்பி தள்ளி வைத்தால் போதும். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் மட்டும் எழுந்து இடம் மாறினால் சரி. மற்ற இரண்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம்.

அப்புறம் எஃப் வந்தது.

ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்தும் பாரே கார்டு. கற்றவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போன இடம் இது என்று நினைக்கிறேன். நானும் சாய்த்தேன். மறுநாள் எடுத்தேன். சி–எஃப் மாற்றத்துக்கு என் நோட்டில் ஐந்து வாரக் கணக்கு இப்படி ஏறியது: 5, 9, 14, 19, 26.

எங்கள் குழுவில் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரவர் எண்ணையும் ஒரு நிமிடப் பதிவையும் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. நான் எண்ணை மட்டும் அனுப்பிவந்தேன். வீட்டில் ஒரே சத்தம், மைக் சரியில்லை என்று வாரத்துக்கு ஒரு சாக்கு. 26 என்று அனுப்பிய அன்று நான்கு பேர் "சூப்பர் சார்" என்றார்கள். குழுவில் கல்லூரி மாணவி ஒருத்தி உண்டு. அவள் மட்டும், "சார், ரெக்கார்டிங்?" என்றாள். பெருமை தலைக்கு ஏறியிருந்த நேரம், அனுப்பிவிட்டேன்.

ராத்திரி பதில் வந்தது. "சார், சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. 26 தடவை விரல் போயிட்டு வருது, அது கரெக்ட். ஆனா எஃப் வர்றப்பல்லாம் ரெண்டாவது கம்பி பேசவே இல்ல. ஒவ்வொரு கம்பியா தட்டிப் பாருங்களேன்."

தட்டிப் பார்த்தேன். ஆறு, ஐந்து, நான்கு, மூன்று எல்லாம் நன்றாகப் பேசின. இரண்டாவது கம்பி, மரத்தில் விரல் முட்டியால் தட்டினாற்போல 'டொக்'. முதல் கம்பி வண்டு மாதிரி இரைந்தது. ஆறும் தெளிவாகக் கேட்டால்தான் ஒன்று என்று வைத்துக்கொண்டு மறுபடி 60 விநாடி ஓட்டினேன். 4 வந்தது. கைக்கு வராத பணத்தை ஐந்து வாரமாக வரவு வைத்திருக்கிறேன். வேறு யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். சிவப்பு மையில் 26-ஐ அடித்து 4 என்று எழுதினேன். அந்த நான்கு "சூப்பர்" மீது இன்னும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

மறுநாள் அவளே விரலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். கோளாறு படத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஆள்காட்டி விரலின் மடிப்பு சரியாக இரண்டாவது கம்பி மேல் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் கம்பி சொகுசாகப் படுத்துக்கொண்டது. விரலை ஒரு நூல் மேலே ஏற்றினால் சதையுள்ள இடம் அங்கே வந்துவிடும். இன்னொன்றும் சொன்னாள்: எஃப்-இல் ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளை மற்ற விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆள்காட்டி உண்மையில் அழுத்த வேண்டியது ஆறு, இரண்டு, ஒன்று, இந்த மூன்றைத்தான். ஆறு கம்பியையும் ஒரே விரலால் நசுக்கிக் கட்டை விரல் அடியில் வலி வரவழைத்துக்கொண்டவனுக்கு இது எவ்வளவு பெரிய தள்ளுபடி! விரலைச் சற்றுப் புரட்டி அதன் ஓரத்து எலும்பால் அழுத்தி, முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொண்டதும் பாதிப் பலம் போதுமானதாக இருந்தது.

குழுவில் இன்னொருவர், "முதல் ஃப்ரெட்டில் எதுக்குங்க ஆரம்பிக்கறீங்க? அஞ்சாவதுக்குப் போங்க, அதே விரல், ஏ கார்டு வரும்" என்றார். ஃப்ரெட் என்பது கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு. கழுத்தின் நுனியில் கம்பிகள் உட்காரும் நட் பக்கத்திலேயே இருப்பதால் முதல் ஃப்ரெட்டில் கம்பி விறைப்பாக நிற்கும். இடைவெளியும் அங்கேதான் அதிகம். இதை நம்பாமல் ஸ்கேல் வைத்து அளந்தேன். 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள என் கிதாரில் முதல் கட்டம் 36 மில்லிமீட்டர், ஐந்தாவது 29. அளந்துகொண்டே போனதில் ஒரு சந்தோஷம் கிடைத்தது. ஒவ்வொரு ஃப்ரெட்டும் மிச்சமிருக்கும் நீளத்தில் ஏறக்குறைய 5.6 சதவீதத்தைக் கழிக்கிறது. குறையும் மதிப்பு முறையில் தேய்மானம் போடுவது போலவேதான்! பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மிச்சம் 324, சரிபாதி. அன்றைக்குப் பயிற்சியே செய்யவில்லை. மனைவியைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

வாரம் ஒரு ஃப்ரெட்டாக ஐந்திலிருந்து கீழே இறங்கினேன். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல், பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று வேளை. விரல் நுனி காய்த்துப்போனது.

அந்தப் பெண்ணுக்குப் பதிலுக்கு என்ன செய்வது என்று மனதில் உறுத்தல். அவள் வாசிப்பில் கம்பியெல்லாம் அழகாகப் பேசும். ஆனால் ஏதோ நெருடியது. பதிவை ஓடவிட்டு மேசையில் விரலால் தட்டி எண்ணிப் பார்த்தேன். எளிதான இடங்களில் ஓடுகிறாள், கார்டு மாறும் இடத்தில் அந்தக் கடனை அடைக்கிறாள். மொத்தத்தில் சரியாக முடிந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. "உங்க இருப்பு சரியா இருக்கும்மா, நடுவுல உள்ள பதிவுதான் சரியில்ல" என்று எழுதினேன். அவளுக்குப் புரியவில்லை. பிறகு நேராகவே சொன்னேன்: தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 80 தட்டு என்று வைக்காமல் 40-இல் வைத்து, 'டிக்' சத்தத்தை இரண்டாவது, நான்காவது அடியாகக் கேட்டு வாசித்துப் பார்க்கலாம். இடையில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால் ஓட்டம் உடனே மாட்டிக்கொள்ளும். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள், "சார், இது கொடுமை" என்று மட்டும் வந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஃப்ரெட்டில் என் கணக்கு 17. பதிவோடு அனுப்பினேன். 16 என்றாள். 17-தான் என்று வாதாடிவிட்டு ஹெட்போன் போட்டுக் கேட்டேன். 43-ஆவது விநாடியில் முதல் கம்பி இரைகிறது. நோட்டில் 16 என்று எழுதியிருக்கிறேன்.