அப்பிளும் ஐந்து வாண்டுகளும்

10 செப்டெம்பர் 2024

செப்டெம்பர் வந்தால் கனடாவின் ஒன்ராறியோவில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடமெல்லாம் அப்பிள்தான். சிவப்புக் கடதாசியில் வெட்டுவார்கள், பச்சை இலை ஒட்டுவார்கள், சுவரில் தொங்கவிடுவார்கள். அதில் பிள்ளை பழகுவது பசை பூசுவதை மட்டும்தான் என்பது என் எண்ணம். ஸ்காபரோவில் என் வீட்டில் பகலில் நான் பார்த்துக்கொள்வது ஐந்து பிள்ளைகளை. நாலு பேருக்கு இரண்டரையிலிருந்து நாலு வயதுக்குள். மூத்தவள் கிண்டர்கார்டன் முடிந்து பின்னேரம் வருவாள். இந்த வருடம் கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு, பழத்தையே கையில் கொடுப்பது என்று முடிவு.

இன்றைக்கு ஆளுக்கொரு மக்கின்ரோஷ் அப்பிள். சாப்பிடக்கூடாது, பழகவேண்டும். தடவினார்கள், மணந்தார்கள், காம்பைப் பிடித்து ஆட்டினார்கள். துணியால் துடைத்தால் பளபளக்கிறது என்று ஒருவன் கண்டுபிடித்தான். அது அப்பிள் தானே தோலில் போட்டுக்கொள்ளும் மெழுகு. பிறகு எல்லாவற்றையும் ஒரு தட்டில் கலந்து, “உங்கட பழம் எது?” என்று கேட்டேன். ஒரு பொட்டு, ஒரு கீறல், கட்டைக் காம்பு என்று அடையாளம் சொல்லி, மூன்று வயதுக்காரரும் சரியாக எடுத்துவிட்டார்கள்.

12 செப்டெம்பர்

“அன்ரி, இதுக்குத் தாடி இருக்கு.”

காம்புக்கு எதிர்ப்பக்கக் குழியைத்தான் சொல்கிறாள். முந்தாநாள் எல்லாரும் மேல்பக்கத்தையே பார்த்தோம். பூதக்கண்ணாடியும் பல்குத்தும் குச்சியும் எடுத்துவந்து குழியைக் கிண்டினோம். காய்ந்து சுருங்கிய ஐந்து சிறு இதழ்கள், நடுவில் கறுத்த நார்கள். இதழ்கள் பூவின் புல்லிவட்டம், அதாவது மொட்டை மூடியிருந்த பச்சை இதழ்கள்; நார்கள் மகரந்தக் கேசரங்கள். பூவின் மிச்சம் பழத்தோடு ஒட்டியே இருக்கிறது. மாதுளம்பழத்தின் முடியும் இதே வகைதான்.

நான் விளக்கம் சொல்லவில்லை. எங்கள் தெருவில் மே மாதம் எடுத்த காட்டு அப்பிள் பூப்படம் போனில் இருந்தது, அதை மட்டும் காட்டினேன். படத்தையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மூத்தவள் வந்ததும் மற்றவர்கள் சுற்றி நின்று, “பூ அடியில ஒளிஞ்சிருக்கு” என்று அவளுக்குப் பாடம் எடுத்தார்கள். இதைவிட நல்லாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

17 செப்டெம்பர்

இன்று வெட்டும் நாள். எல்லாரும் வெட்டுவதுபோல மேலிருந்து கீழாக வெட்டாமல் குறுக்கே வெட்டினேன். நடுவில் நட்சத்திரம். ஐந்து அறை, பெரும்பாலும் அறைக்கு இரண்டு விதை. ஆனால் ஒருத்திக்குக் கிடைத்தது ஒரு பக்கம் சப்பையான பழம். அவளுக்கு ஒரே ஏமாற்றம். வெட்டிப் பார்த்தால் சப்பைப் பக்கத்து அறைகளில் விதை இல்லை, வெறும் உமிபோல ஏதோ ஒட்டியிருந்தது. அப்பிள் பூவுக்கு வேறொரு இன மரத்தின் மகரந்தம் வேண்டும். தேனீதான் கொண்டுவரவேண்டும். அது சரியாக வந்து சேராத அறையில் விதை பிடிக்காது. விதை பிடிக்காத பக்கம் சதையும் குறைவாகத்தான் வளரும்.

“தேனீ இந்தப் பக்கம் வரேல்ல” என்று அவளே சொன்னாள். அதற்குப் பிறகு எல்லாருக்கும் கோணல் பழம்தான் வேண்டுமாம். நாளைக்குக் கடையில் போய்க் கோணல் பழமாகத் தெரிந்து எடுக்கவேண்டும். காசாளர் என்ன நினைப்பாரோ.

(பெற்றோருக்கு: நாலு வயதுக்குக் கீழே அவிக்காத அப்பிளைத் துண்டாகக் கொடுக்கவேண்டாம், தொண்டையில் அடைக்கும். துருவியோ, கண்ணாடிபோல மெல்லிசாகச் சீவியோ, அவித்தோ கொடுங்கள்.)

21 செப்டெம்பர், சனி

பெற்றோரோடு நாமே பறிக்கும் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். மரங்கள் எல்லாம் குள்ளம், பிள்ளைகளுக்கே கை எட்டும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, சற்றுத் திருப்பினால் தானாகக் கழரும். இழுத்தால் அடுத்த வருடம் பூக்கவேண்டிய குறுங்கிளையும் சேர்ந்து முறியும். கீழே கிடந்த பழங்களில் குளவி மொய்த்தது. அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டதே எனக்குப் பாதி வேலை.

எனக்குப் பிடித்தது மரத்தின் அடிப்பகுதி. நிலத்துக்குச் சற்று மேலே ஒரு வீக்கம் இருக்கும், ஒட்டுப்போட்ட இடம். கீழே குள்ள இனத்தின் வேர், மேலே நல்ல பழம் தரும் இனத்தின் கிளை. ஊரில் ஒட்டு மாங்கன்று நட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்து அந்தப் புடைப்பைத் தடவவைத்தேன். “காயமா?” என்றான் சின்னவன். ஒருவகையில் ஆம், ஆறிய காயம்.

திரும்பும் வழியில் மூத்தவளுக்கு மக்கின்ரோஷின் கதையைச் சொன்னேன். 1811இல் கிழக்கு ஒன்ராறியோவிலுள்ள டண்டெலாவில் ஜோன் மக்கின்ரோஷ் என்பவர் காடு வெட்டும்போது சில அப்பிள் கன்றுகளைக் கண்டு எடுத்து நட்டார். தப்பியது ஒன்று. அதன் கிளைகளை வெட்டி ஒட்டி ஒட்டித்தான் இன்றைய மக்கின்ரோஷ் மரங்கள் அத்தனையும் வந்தன. முதல் மரம் 1910இல் போய்விட்டது. “அப்ப இதெல்லாம் அதே மரமா?” என்று கேட்டாள். அதே மரம்தான் என்றேன். தகப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், அவருக்கும் இது புதுசு.

25 செப்டெம்பர்

மிதக்குமா, தாழுமா? அப்பிள், உருளைக்கிழங்கு, கரட், திராட்சை. பெரிய அப்பிள் தாழும் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். அது மிதந்தது. குட்டித் திராட்சை தாழ்ந்தது. அப்பிளின் பருமனில் கால்வாசிக்குக் கிட்ட காற்றுத்தான். அப்புறம் இரண்டு சீவல்: ஒன்று சும்மா, மற்றதில் தேசிக்காய்ப் புளி. சும்மா வைத்தது மதியச் சாப்பாட்டுக்குள் மண்ணிறமாகிவிட்டது. குசினி முழுக்கத் தண்ணீர், வேறு விசேஷம் இல்லை.

15 ஒக்ரோபர்

தாங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து எல்லாரும் வந்தாயிற்று. சேர்த்துவைத்த விதைகளைக் கழுவி, ஈரமான கிச்சின் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பிரிட்ஜில் வைத்தோம். ஏறத்தாழ மூன்று மாதம் ஈரக்குளிரில் கிடந்தால்தான் அப்பிள் விதை முளைக்கும். முன்னரே முளைத்தால் பனிக்காலம் கன்றைக் கொன்றுவிடும், அதனால் விதைக்கு இந்தக் காவல். பழங்கள் இருக்கும் தட்டில் வைக்கவில்லை. ஆகவே எங்கள் விதைகள் முட்டைக்குப் பக்கத்தில். பையில் ஐந்து பேரும் ஆளுக்கொரு கிறுக்கல் போட்டிருக்கிறார்கள், அது அவரவர் பெயராம்.

13 ஜனவரி 2025

சில விதைகளில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கிறது! யோகட் கப்பில் மண் போட்டு நட்டோம். இதில் மக்கின்ரோஷ் வருமா என்று ஒரு அம்மா கேட்டார். வராது. விதையிலிருந்து வருவது தாய்க்கும் எந்தத் தேனீயோ கொண்டுவந்த தகப்பனுக்கும் பிறந்த புதுப்பிள்ளை. புளிக்கலாம், துவர்க்கலாம், இனிக்கலாம். காய்க்கப் பல வருடம் எடுக்கும்.

நாளை தைப்பொங்கல். ஒருவனின் அம்மம்மா மாம்பழம் கொடுத்துவிட்டிருந்தார். தின்று முடித்ததும் கொட்டையைக் கழுவிக்கொண்டு அவன் நேரே பிரிட்ஜ் கதவைத் திறந்தான். மாங்கொட்டை குளிரில் செத்துப்போகும், அது சூட்டு நாட்டுக்காரன் என்று மறித்தேன். நம்பவில்லை. அப்பிளுக்கு ஒரு சட்டம், மாம்பழத்துக்கு ஒரு சட்டமா என்பதுபோல நின்றான். சரி, அவன் பழத்தில் ஒரு கொட்டை, சின்னவளின் பழத்தில் இன்னொன்று. ஒன்று பிரிட்ஜில், மற்றது ஹீற்றருக்குப் பக்கத்தில் ஈரமண்ணில். மாசியில் இரண்டையும் பிளந்து பார்ப்பதாக ஏற்பாடு.