226

இன்று மாலை எஃப்டிபி வழியாக, அதாவது கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் பழைய நெறிமுறை வழியாக, பழைய சர்வருக்கு ஒரு கோப்பினை அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் 226 வந்தது.

கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சர்வர் அனுப்பும் பதில் எண்ணின் முதல் இலக்கம் 2 என்றால் வேலை முடிந்தது. 4 என்றால் பிறகு முயன்று பார். 5 என்றால் இதையே திரும்பக் கேட்காதே. இயந்திரத்துக்கு எண்ணும் மனிதனுக்குச் சொற்களுமாக ஒரே வரியில் பதில் சொல்ல எவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறார்கள்!

எஃப்டிபி-யின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். அப்போது அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தார். ஒவ்வொரு கணினியும் கோப்பை ஒவ்வொரு விதமாக வைத்திருந்த காலம் அது.

1985இல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 959 என்ற இணைய நெறிமுறை ஆவணம்தான் எஃப்டிபி-க்கு இன்றும் அடிப்படை.

எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் என்பதால், எங்கள் சர்வரை அடுத்த வாரம் நிறுத்துகிறார்கள். நியாயம்தான்.

ஆனாலும் அந்தத் திரையை இன்னும் மூடவில்லை.