திருமயத்தில் ஒரு பாட்டில் தண்ணீர்

அக்னி நட்சத்திரத்தில் ராமேஸ்வரம் கிளம்புகிறவர்களை நானே கிண்டல் செய்திருக்கிறேன். 2025 மே மாதம் அதே வேலையைச் செய்தேன். அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி, மகளுக்கு அப்போதுதான் லீவு. காலை ஆறு மணிக்குத் திருச்சியை விட்டுவிட வேண்டும் என்று முந்தைய இரவு முடிவெடுத்து, வழக்கம்போல எட்டரைக்குக் கிளம்பினோம். பதினோரு வயதான சின்ன கார், நான்கு பேர், டிக்கி நிறைய சாமான்.

புதுக்கோட்டை வரை ஒரு குறையும் இல்லை. டிபனை முடித்துக்கொண்டு கீழ ராஜ வீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்சீட்டிலிருந்து அம்மா, "ஏசியை நிறுத்திட்டியாடா?" என்றாள். நிறுத்தவில்லை. பொத்தானில் விளக்கு எரிந்தது, காற்றும் வேகமாகத்தான் வந்தது. ஆனால் பஸ் ஜன்னலில் அடிக்கிற காற்று.

விசாரித்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்தவர் முன்பக்கத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துபோச்சு சார். ஃபுல்லா அடிச்சிடலாம், ரெண்டாயிரத்து ஐநூறு" என்றார். போனட்டைக்கூடத் திறக்கவில்லை. எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை, பணம் எடுக்கிற மனநிலையில்தான் இருந்தேன். ஆனால் அவருக்கு முன்வேலையாக இரண்டு வண்டிகள் நின்றன. நடை சாத்துவதற்குள் திருமயம் பெருமாளைப் பார்த்தாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பினோம்.

ஊரைத் தாண்டி எழுபதில் போகும்போது மனைவி சும்மா ஏசியைப் போட்டுப் பார்த்தாள். ஜில்லென்று வந்தது. ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டோம். சுங்கச்சாவடி வரிசையில் நின்றதும் மறுபடியும் வெந்நீர்க் காற்று. வரிசை நகர்ந்து வண்டி வேகம் பிடித்ததும் திரும்பக் குளிர்ந்தது. தீர்ந்துபோன கேஸ் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் எங்கிருந்து வரும்? எனக்குச் சந்தேகம் விழுந்தது அங்கேதான்.

திருமயம் கோட்டை சாலையை ஒட்டியே நிற்கிறது. 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. மேலே ஏறினால் நல்ல காற்று உண்டு, ஆனால் அந்த வெயிலில் பாறை தோசைக்கல். அம்மாவும் மற்ற இருவரும் கோயிலுக்குப் போனார்கள். சிவனும் பெருமாளும் ஒரே பாறையைக் குடைந்து அக்கம்பக்கத்தில் இருக்கிற ஊர் அது. நான் ஒரு புளியமரத்து நிழலில் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்தேன்.

பக்கத்தில் ராமேஸ்வரம் போகிற ஒரு டூரிஸ்ட் வேன். அதன் டிரைவர் பல் குத்திக்கொண்டே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"என்ன தம்பி, சூடாயிருச்சா?"

"இன்ஜின் சூடாகலண்ணே. ஏசி ஓடுறப்ப குளுருது, நின்னா குளுரமாட்டேங்குது."

அவர் அந்த ஒரு வாக்கியத்திலேயே தலையாட்டிவிட்டார். "வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏசியப் போடுங்க. கைய மட்டும் உள்ள விட்டுறாதீங்க, ஃபேன் எப்ப வேணாலும் சுத்தும்."

போட்டேன். 'டக்' என்று ஒரு சத்தம். கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கிற சத்தம் அது என்றார். கேஸ் மொத்தமும் போயிருந்தால் பிரஷர் சுவிட்ச் அந்தக் கிளட்சைப் பிடிக்கவே விடாதாம். கூலிங் காயிலிலிருந்து திரும்பி வருகிற தடித்த குழாயைத் தொடச் சொன்னார். ஓரளவு குளிர்ந்துதான் இருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் என் வண்டியில் இரண்டு விசிறிகள். ஏசி போட்டதும் சுற்ற வேண்டியது அசையாமல் நின்றது. இன்ஜின் சூடாகாததற்குக் காரணம், ரேடியேட்டருக்கான மற்ற விசிறி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

"தண்ணி இருக்கா?"

குடிக்கத்தான் கேட்கிறார் என்று பாட்டிலை நீட்டினேன். அவர் முன்பக்க கிரில் வழியாக, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்சர் மேல் நிதானமாக ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி. "இப்பப் போய் உள்ள கைய வச்சுப் பாருங்க" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, துவாரத்திலிருந்து காலையில் திருச்சியில் வந்த அதே குளிர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய்க் கேள்விக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் பதில்.

கதை இவ்வளவுதான். கார் ஏசியில் ஓடுகிற அந்தக் 'கேஸ்', அதாவது ஆர்-134ஏ என்ற திரவம், வெளியே இருந்தால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயிலில் அது ஆவியாகும்போது காரின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் அல்லவா? இறக்கி வைக்கிற இடம்தான் கண்டென்சர். வண்டி ஓடினால் எதிர்க்காற்று அந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும், நின்றால் விசிறிதான் அள்ள வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் கம்ப்ரஸரே நின்றுவிடும். இந்த நிலைமையில் இன்னும் கேஸை அடைத்திருந்தால் அழுத்தம் மேலும் கூடியிருக்கும். அம்மா அவசரப்படுத்தியது எவ்வளவு நல்லது என்று அப்புறம்தான் புரிந்தது.

டிரைவர் அத்தோடு விடவில்லை. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, ஹாரனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற சின்ன சுவிட்சான ரிலேயைப் பிடுங்கி விசிறி ரிலே இருந்த இடத்தில் செருகினார். இரண்டும் ஒரே மாதிரி. விசிறி அசையவில்லை. சரி, ரிலே மேல் தப்பில்லை. கீழே கிடந்த புளியங்குச்சியால் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். விர்ரென்று சுற்றியது! "மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சிருச்சு. காரைக்குடி வரைக்கும் தாங்கும், அங்க மாத்திருங்க." பணம் கொடுக்கப் போனால் வாங்கவில்லை. வேனில் இருந்தவர்கள் கூப்பிட, போய்விட்டார்.

காரைக்குடியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் மோட்டாரை மாற்றினோம். கூலியோடு 2,600 ரூபாய். புதுக்கோட்டையில் கேட்டதைவிட நூறு அதிகம் என்று மனைவி கணக்குச் சொன்னாள். ஒழுகாத கேஸைத் தேவையில்லாமல் மாற்றுவதற்கும் பழுதான பொருளை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க ஆரம்பித்தேன், அவள் கவுனி அரிசி சாப்பிடப் போய்விட்டாள்.

கடைக்காரர் அழுத்தத்தை அளக்கிற கேஜை மாட்டிக் காட்டியதைப் பார்த்திருந்தால் அவளுக்கே புரிந்திருக்கும். விசிறியின் ஒயரைக் கழற்றிவிட்டு ஏசி போட்டார். கண்டென்சர் பக்கத்து அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு முள் 300 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. ஒயரைச் செருகியதும் மெல்ல இறங்கி 250-ஐ ஒட்டி நின்றது. கூலிங் காயில் பக்கத்துக்கான நீல முள் 40 பக்கத்தில். கேஸ் அளவு சரிதான் என்றார். பூட்டிய குழாய்க்குள் சுற்றுவது பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது, குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, முதலில் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள் என்பது அவர் சொன்னது. காற்று குளிராக ஆனால் பலமில்லாமல் வந்தால், உள்ளே வரும் காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். அதை நான் முன்பே அனுபவித்திருக்கிறேன், ஒரு வேப்பமரத்தின் பாதிச் சருகு அதில் இருந்தது.

ராமநாதபுரத்தில் டீக்கு நிறுத்தியபோது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து அம்மா பதறினாள். ஏசி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி, கூலிங் காயிலில் படிகிற ஈரம் என்றேன். அவள் நம்பவில்லை.

உண்மையான பரீட்சை பாம்பனில் வந்தது. இரண்டரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சாலைப் பாலம், ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்க ஓரமெல்லாம் கார்கள். இருபது நிமிடம் நத்தைபோல நகர்ந்தோம். ஏசி காற்று சூடாகவில்லை. மகள் படம் எடுக்கக் கண்ணாடியை முழுதாக இறக்கினாள். வெயிலும் உப்புக் காற்றும் மீன் வாசனையும் ஒன்றாக உள்ளே வந்தன. வேறொரு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்கு அந்தத் திறந்த ஜன்னல் வழியாக விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்டது.